நெடிக் குறிப்பேடு

சித்திரை பதினொன்று, இரவு ஒன்பதே கால்.
மூன்றாம் மாடி. நெடி.
எந்த மாதிரி என்று எழுத ஒரு கட்டம் விட்டிருந்தேன்.
அழுகின முட்டை என்றார் தேவசகாயம்.
ஊசின சாம்பார் என்றாள் ஜமீலா.
செத்த எலி, சந்தேகமே இல்லை என்றது செயலாளர் வீடு.
ஸ்கூல் லேப் மாதிரி என்றான் என் மகன்.
எல்லாவற்றையும் எழுதினேன்.

புதுப்பாளையத்தில் பன்னிரண்டு வீட்டுக் கட்டடம்.
தலைவலி எட்டு வீட்டில். கண்ணெரிச்சல் ஐந்தில்.
இருமல் எல்லாருக்கும் இருக்கிறது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிப்காட்தான் என்றது கூட்டம்.
கடலூரில் அதைச் சொல்ல யோசிக்கவே வேண்டாம்,
மூக்கைப் பொத்தின கை எடுத்ததும்
தானாகத் தெற்கே நீளும்.
செயலாளர் கலியமூர்த்தி சார் மனுவை டைப் அடித்து
பதினொரு கையெழுத்தும் வாங்கியாயிற்று.
பன்னிரண்டாவது நான்.

பேனாவை மூடினேன்.
அந்தக் கம்பெனிகளை ஒட்டின ஊரில் பிறந்தவள் நான்.
பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்
எந்தச் சுவரைத் தாண்டினால் எது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
நகப்பூச்சு, சுட்ட ரப்பர், பழுத்த அன்னாசி.
இது அதில் எதுவும் இல்லை.

அப்புறம் காற்று.
நோட்டில் மூன்றாவது கட்டம் அதற்கு:
மொட்டை மாடிக் கொடியில் துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது?
நெடி அடித்த பத்தொன்பது நாளில்
பதினாறு நாள் மேற்கே பறந்தது.
கடல் காற்று.
தெற்கிலிருந்து வராத காற்றில்
தெற்கு எப்படி நாறும்?

"அப்ப கம்பெனிக்கு வக்காலத்தா?" என்றார் கலியமூர்த்தி.
இல்லை சார்.
அவர்களைப் பிடிக்க வேண்டிய நாளில்
நம் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

கல்லூரியில் இரவல் வாங்கின கருவி
கூடத்தில் பூஜ்யம் காட்டியது, படிக்கட்டில் பூஜ்யம்,
வஞ்சிரம் வறுக்கிற சட்டி மேல் மட்டும் கொஞ்சம் பதறியது.
கடைசியில் உதவியது ஊதுபத்தி.
ஒவ்வொரு கதவிடுக்கிலும் காட்டிக்கொண்டே இறங்கினேன்.
புகை நேராக ஏறியது, நேராக, நேராக,
இரண்டு-சி வாசலில்
யாரோ உள்ளேயிருந்து ஊதினாற்போல் மடங்கியது.

உள்ளே யாருமில்லை.
இல்யாஸ் தோஹாவில். வாங்கிப் போட்டு மூன்று வருஷம்,
ஈ.எம்.ஐ. மட்டும் குடியிருக்கிற வீடு.
சாவி சிங்காரத்தோப்பில் அவன் மாமாவிடம் இருந்தது.

பிளம்பர் ஏழுமலை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
குளியலறைத் தரையில் குந்தினார்.
நானி டிராப் மூடியைத் திருகி டார்ச் அடித்தார்.
"தண்ணி காஞ்சிருச்சி. அவ்ளோதான்."
அந்தக் கிண்ணத்தில் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டுமாம்.
கீழே தொட்டிக்கும் மேலே நமக்கும் நடுவில்
அதுதான் கதவாம்.
புழங்க ஆளில்லை,
கதவு ஆவியாகப் போய்விட்டது.

ஒரு வாளி ஊற்றினார்.
களக்.
இதற்குத்தான் பத்தொன்பது நாள், நாற்பது பக்கம்.

இப்போது வெள்ளிக்கு வெள்ளி முறை வைத்துக்கொண்டு
யாராவது போய் ஊற்றிவிட்டு வருகிறோம்.
வீடு எப்படிக்கா இருக்கு என்று இல்யாஸ் கேட்டிருந்தான்.
ஈரமாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.

எட்டுத் தலைவலியில் ஏழு போயிற்று.
ஜமீலாவுடையது போகவில்லை.
அதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
மாடிக்கு ஓடிப் பார்த்தேன், துண்டு வடக்கே பறந்தது.
பழுத்த அன்னாசி.
நேரம், திசை இரண்டையும் எழுதிவிட்டு
கலியமூர்த்தி சார் வீட்டு மணியை அடித்தேன்,
அந்த மனுவை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று.