உறைகள்

ஒஹாயோவில் செப்டம்பர், ஞாயிறு இரவு.
நிலவறைச் சுவரில் ப்ரொஜெக்டர்
ஒவ்வொரு முகமாய் ஏற்றி இறக்குகிறது.
ஆளுக்கு நாற்பது நொடி.
கைகள் உயர்ந்தால் சகோதரன்,
இல்லையென்றால் அடுத்த படம்.

ஐந்து நாளாய் வந்தார்கள்,
நெஞ்சில் பெயர்ச்சீட்டு ஒட்டி,
எந்த ஊர், என்ன படிப்பு,
அப்பா எந்த வீட்டில் இருந்தார்
எல்லாவற்றுக்கும் சிரித்தபடி.
நாங்களும் சிரித்தோம்.
மாடிக்குப் போய் மதிப்பெண் போட்டோம்.

எமெரி கோவால்ஸ்கி யாரிடமும் சரியாகப் பேசவில்லை.
சமையலறை வாசலில் குந்தி
எங்கள் கிழட்டு நாயின் காதிலிருந்து
ஒட்டுமுள் எடுத்துக்கொண்டிருந்தான்.
அதன் பெயரைக் கேட்டான்.
எனக்குச் சட்டென்று வரவில்லை.

"யார்ரா இவன்?"
"நாய்ப் பையன்."
சிரிப்பு.
என் கை முழங்காலில்.
நாற்பது நொடியும் முழங்காலில்.
போன வருடம் எனக்காக உயர்ந்த கைகள் எவையென்று
எவரும் சொன்னதில்லை.

விடியுமுன் உறைகளைக் கொண்டுபோனது நான்தான்.
விடுதியின் மூன்றாம் மாடி,
கதவடி இடுக்கில் ஒவ்வொன்றாய்.
முந்நூற்றுப் பதினான்கில் விளக்கு எரிந்தது.
என் காலடி கேட்டு
உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

ஷூவைக் கழற்றிக்
கையில் பிடித்துக்கொண்டு
அடுத்த கதவுக்கு நடந்தேன்.