பாசி கிழிந்த இடம்

இரவு பதினொன்றுக்குப் பால் லாரி எடுக்கிறேன்.
வின்டனிலிருந்து நைட்கேப்ஸ் வரை
பதினான்கு பண்ணைகள்.
குழாயை மாட்டிவிட்டால்
ஒவ்வொன்றிலும் பதினெட்டு நிமிடம்
சும்மா நிற்க வேண்டும்.
அப்போதுதான் காதில் மாட்டிக்கொண்டு
மழை கேட்பேன்.

மேலே பெய்கிற மழை அல்ல.
லாங்வுட் காட்டில் போன மாதம் பெய்தது.
மரத்தில் கட்டிவைத்த பெட்டிக்குள்
மணிக்கணக்காகப் பதிந்து கிடப்பது.
அதன் இடுக்கில் எங்காவது
ஒரு சாம்பல் பறவை
வாயைத் திறந்துவிடாதா.

கோகாகோ.
வடதீவில் உள்ளதற்குத் தாடையோரம் நீல மடல்.
எங்கள் தெற்கில் இருந்ததற்கு ஆரஞ்சு.
'இருந்ததற்கு' என்றால்
அராபேராவுக்குப் பிடிக்காது.
"இருப்பதற்கு" என்பாள்
தெர்மாஸ் மூடியைத் திருகியபடி.

அழிந்தது என்று ஒருமுறை எழுதினார்கள்.
பிறகு, அழிந்தது என்பதை அழித்துவிட்டு
தகவல் போதாது என்றார்கள்.
அந்த இரண்டு சொல்லுக்குள்தான்
நாங்கள் கூடாரம் அடித்திருக்கிறோம்.

பார்த்தவர்களும் உண்டு.
மான் வேட்டைக்குப் போன லாக்லன்
ஓடைக்கு அந்தப் பக்கம்
பறக்காமல் கிளைகிளையாகத் தாவிப் போனதைப்
பார்த்தேன் என்றான்.
அன்றிலிருந்து மதுக்கடையில் அவன் பெயர் ஆரஞ்சு.
மறுபடி பார்த்தானா, தெரியாது.
பார்த்திருந்தாலும் சொல்லமாட்டான்.

மார்ச்சில், ஹில்டா வீட்டுப் பண்ணையில்,
நாற்பத்து மூன்றாம் இரவின் முடிவில்
விடியல் ஐந்து பன்னிரண்டுக்கு
கேட்டது.

ஆளில்லாத தேவாலயத்தில் யாரோ
ஆர்கனின் ஒரு கட்டையை அழுத்திவிட்டுப்
பயந்து கையை எடுத்ததுபோல.
பிறகு இன்னொன்று, அதைவிடத் தாழ்வாக.

பால் தீர்ந்து
பம்பு காற்றை உறிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தது.
பண்ணை நாய் வந்து
என்னை ஏற இறங்கப் பார்த்தது.

அராபேரா பதினொரு முறை கேட்டாள்.
நகம் கடித்தாள்.
"டூயி" என்றாள் கடைசியில்,
"யார் குரலையும் திருடும் பயல்."
நம்பாமல் பதிவை மேலே ஓட்டினேன்.
அதே தொண்டை, அதே கிளை.
பீப். பீப். பீப்.
லாரி ஏறவே முடியாத மலையில்
என் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது.

சிரித்தோம்.
எனக்கு விக்கல் வரும் வரை சிரித்தோம்.
விக்கல் நின்றபின்தான் உறைத்தது:
பீப் என்பது என்னிடம் கேட்டது.
சரி,
அந்த இரண்டு சுரம்?

இன்னொரு டூயியிடம் கைமாற்றாக வாங்கியிருக்கலாம்.
அது அதன் தகப்பனிடம்.
தகப்பன் வேறெந்தக் கிளையிலோ.
இப்படியே கைமாறிக் கைமாறி
முதலில் கொடுத்தவன்
நான் பிறக்கும் முன்பே செத்திருக்கலாம்.
அல்லது போன செவ்வாய்க்கிழமை
பக்கத்து மரத்தில் இருந்து
கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை ஏறினோம்.
ஆறு மணி நேரம், முழங்கால் வரை ஈரம்.
ஐந்து பன்னிரண்டு கேட்ட மரத்துக்கு
இருபதடி தள்ளி, விழுந்து கிடந்த பீச் மரத்தில்
பாசி கிழிந்திருந்தது.
கம்பள ஓரத்தைக் குழந்தை பிய்த்ததுபோல்
நீளமாக, நேர்த்தியில்லாமல்.
அடிப்பக்கம் இன்னும் காயவில்லை.

கோகாகோ இப்படித்தான் கிழிக்கும் என்பார்கள்.
போசமும் கிழிக்கலாம்.
என் காலே கிழித்திருக்கலாம்
போன முறை வந்தபோது.

போனை எடுத்தேன்.
அராபேரா என் மணிக்கட்டைத் தொட்டாள்,
பிடிக்கவில்லை, தொட்டாள் அவ்வளவே.
குனிந்து அந்தப் பாசியை எடுத்து
முகர்ந்தாள்.
இருந்த இடத்திலேயே வைத்து
கட்டைவிரலால் ஓரங்களை அழுத்தினாள்.

பெட்டியில் எட்டு பேட்டரி மாற்றினேன்.
பழைய எட்டும் என் சட்டைப் பையில்.
இறங்கும் வழியெல்லாம் அவை
ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.
முன்னால் போன அராபேரா
நின்று, திரும்பிப் பார்க்காமலே
உஷ் என்றாள்.