புனைவுச் சான்றிதழ்

ஹாலே நகரம், டிசம்பர், காலை ஏழேகால்.
டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு.
கோப்பில் வாடகை ஒப்பந்தம், காப்பீடு,
சிரிக்கக் கூடாதென்று சிரிக்காத படம்,
என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பம்பு கம்பெனி
எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்கள்.
இரண்டுமே திருவாளர் தணிகாசலத்துக்கு.
அவர் என் அப்பா.
காட்பாடி ஸ்டேஷனைத் தாண்டியதில்லை.

ஹெல்ம்கே அம்மாள் கண்ணாடியை இறக்கி
"தாய்மொழி?" என்றாள்.
தமிழ்.
"சொல்லித்தருவது?"
ஆங்கிலம்.
"இப்போது பேசுவது?"
உங்களுடையது, என்றேன்,
வேற்றுமை உருபு ஒன்றைக் கோட்டைவிட்டு.
உடனே திருத்தினாள்.
கோபமில்லை. என் பிழைப்பும் அதுதான்:
'ஐ லிவ் ஹியர் சின்ஸ்' இல்லை, லூட்ஸ்,
'ஹேவ் பீன் லிவிங்'.
தொடங்கி, இன்னும் முடியாதது.

அட்டை வரப் பத்து வாரமாம்.
அதுவரை மூன்றாய் மடியும் ஒரு தாள்.
அதன் நீளப் பெயரை எழுத்துக்கூட்டினேன்:
புனைவுச் சான்றிதழ்.
அதாவது, நான் இங்கே இருப்பதாக
அரசாங்கம் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறது.
பதின்மூன்று யூரோ, வெளியே மெஷினில்.
மெஷின் என் நோட்டை
இரண்டு முறை துப்பிவிட்டு விழுங்கியது.

அன்று செவ்வாய். ஆறு மணி வகுப்பு.
"டூ யூ ஸ்டே?" என்றான் லூட்ஸ்,
ஈரக் குல்லாயைக் கழற்றாமலே.
'ஆர் யூ ஸ்டேயிங்' என்று
போர்டில் பெரிதாக எழுதினேன்.

கேள்விக்குறி போடாததை
அவன்தான் காட்டினான்.