ங்க

எங்கள் விளாத்திகுளத்துப் பக்கம்
பேச்சு மொட்டையாகத்தான் முடியும்.
வா. போ. இரு.
பெருந்துறைக்கு ஒப்பந்த நர்ஸாக வந்த முதல் வாரம்
"சில்லறை இல்லீங்க, அப்பறம் குடுங்க" என்ற
பெட்டிக்கடைக்காரர்
என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

அப்புறம் அந்த மே மாதம்.
மூன்றாம் தளம், பதினாறு கட்டில், இருபத்திமூன்று பேர்.
மொடக்குறிச்சி பொங்கியண்ணன்
மஞ்சள் மண்டியில் மூட்டை தைக்கிறவர்.
ஆக்சிமீட்டரில் எழுபத்தெட்டு.
நகமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்ததால்
கருவிதான் குழம்புகிறதோ என்று
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து
மறுபடி மாட்டினேன்.
எழுபத்தேழு.
முகமூடியை விலக்கி,
தண்ணி,
என்றார். நிறுத்தினார். இழுத்தார்.
வேணு
முங்க.

வேணும் என்பதே போதும், ஐயா.
ஆக்சிஜன் லாரி இன்னும் சங்ககிரியைத் தாண்டவில்லை என்று
எல்லார் செல்லிலும் செய்தி வந்த ராத்திரி அது.
லிட்டர் லிட்டராக நாங்கள் எண்ணிக்கொண்டிருக்க
அவர் ஒரு முழு மூச்சை எடுத்து
எனக்கு மரியாதையாகச் செலவழித்தார்.

இரண்டு மடக்கு குடித்தார்.
விடியும்போது அந்தக் கட்டிலில் வேறொருவர்.
பொங்கியண்ணனின் மகனுக்குப் போன் செய்வதும்
எங்கள் வேலைதான்.
சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம்
வெகுநேரம் ஒன்றுமில்லை, ஒரு நாய் மட்டும் குரைத்தது.
பிறகு, "உங்களுக்குத்தான் சிரமங்க" என்றான்.

எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.
குப்புறப் படுக்கச் சொன்னால், சரீங்க.
நரம்பு சிக்காமல் நாலாந்தடவை குத்தினால், பரவால்லீங்க.
பக்கத்துக் கட்டிலில் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டு
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட
சென்னிமலைத் தறிக்காரர் கேட்டார்,
அவருக்கு ஆரும் வரலீங்களா.
நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாகூட
கேட்டுக்கு உள்ளேயே நின்று
முந்தானையால் வாயைப் பொத்தியபடி,
"கோவிச்சுக்காதீங்க,
ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.
என் பெட்டி ஏற்கெனவே வாசலில் இருந்தது.

மானிட்டரை விட்டுவிட்டு
அந்த ஒலியைக் கேட்கத் தொடங்கினேன்.
அது இருக்கும்வரை ஆள் இருப்பார்.
அது உதிர்ந்தால் ஓடவேண்டும்.
"ஒன்பதாம் கட்டிலுக்கு ங்க போயிடுச்சு சார்"
என்றபோது டாக்டர் நவநீதன்
முதல் தடவை சிரித்தார்.
இரண்டாம் தடவை
டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

மயிலாத்தாள். காங்கேயம். பதினோராம் கட்டில்.
கவச உடுப்பின் நெஞ்சில்
மார்க்கரில் எழுதிய பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து
எட்டு நாளும்
"ஏனுங்க கனி, மணி என்னாச்சுங்க" என்று கேட்டவர்.
ஒன்பதாம் நாள் ராத்திரி
இரண்டு கையுறை போட்ட என் கையைப் பிடித்து,
"போகாத கண்ணு" என்றார்.

ங்க இல்லை.

மூச்சு தீர்ந்துவிட்டதா,
இல்லை, என்னை மகளாக்கிவிட்டாரா?
யோசிக்கையில் ஐந்தாம் கட்டில் அலறியது.
அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனேன்.
இருபது நிமிடம்.
இன்னும் தெரியவில்லை எனக்கு
அன்றைக்கு அது எது என்று.

லாட்ஜ் அறையிலிருந்து வீடியோவில்
"சாப்ட்டீங்களா" என்று கேட்டேன்.
என் மகளுக்கு அப்போது நாலு வயசு.
"அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று
அவள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்து,
பிறகு போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது பிரசவ வார்டு.
போன வாரம் அதே பெட்டிக்கடை.
கடைக்காரரின் பையன்
செல்லில் ஏதோ விளையாட்டு, நிமிராமல்
"சில்லறை இல்ல" என்றான்.
வேறொன்றுமில்லை, அவசரம்.
அதற்குள் என் கண்
அவன் நகங்களுக்குப் போய்விட்டது,
நீலமா என்று பார்க்க.