ஏழாம் அறையின் மணி

டூங்காபியிலிருந்து ஆறு மணித்தியாலம்.
கடைசி அரைமணி தார் இல்லை.
பெல்லிங்கர் ஆற்றின் மேல்
ஒற்றை வாகனம் போகும் மரப்பாலம் தாண்டியதும்
நாலு பேரின் தொலைபேசியும்
ஒன்றாய்ச் செத்தன.
பிள்ளைகள் செத்தவீட்டு அமைதிக்குப் போனார்கள்.
எனக்குத் தோள் இறங்கியது.
“ஷாம், இண்டைக்கு இரவு ஆள் இல்லை, வருவியா?”
இனி இரண்டு நாளைக்கு யாரும் கேட்கேலாது.

ஒரே ஒரு பங்களா.
அயல் என்றால் எதிர்க்கரை மாடுகள்.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
உரிமையாளரின் கையெழுத்து:
தாங்கித் தண்ணீர், அளந்து குளியுங்கள்.
பொசத்துக்குப் பாண் போடாதீர்கள்.
விடியலில் சத்தம் போடாமல் இருந்தால்
பிளாட்டிபஸ் பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை.
கடைசி இரண்டு சொல்லின் கீழே
இரண்டு கோடு.

கறித்தூளை மறந்தது யார் என்று
நானும் குகேந்திரனும் ஆற்றங்கரையில் பிடித்த சண்டையை
மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு நின்று கேட்டன.

இரவு மூன்று மணி.
ஏழாம் அறையின் மணி அடித்தது.
கால் சப்பாத்தைத் தேட
கை கையுறைப் பெட்டியைத் தேட
“வாறன், மிஸிஸ் ஹாலரன்” என்று
வாயும் சொல்லிவிட்டது.

தவளை.
விறாந்தையில் நின்று கேட்டேன்.
அதே சுதி, அதே இடைவெளி,
மூத்திரம் முட்டிய ஒருவர்
விட்டு விட்டு அமத்துகிற அதே அவதி.
பதினொரு வருட இரவுகள் பழக்கிய உடம்பு
நிற்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல்.
தூக்கிவிட ஆளில்லை.
நேரம் எழுதக் கொப்பி இல்லை.
இருட்டுக்குள் ஆறு
தன்னைத் தானே புரட்டிப் புரட்டிப் படுத்தது,
ஒருவரையும் கூப்பிடாமல்.

எப்போது உள்ளே வந்தேனோ.
கண் திறந்தபோது
வெயில் கட்டிலைக் கடந்து, சுவரையும் கடந்து
போய்விட்டிருந்தது.
பின்நேரம் இரண்டே கால்.

எழுப்பவில்லை ஒருவரும்.
கோப்பைகள் கழுவாமல் கிடந்தன.
டோஸ்டர் துள்ளிச் சத்தம் போடும் என்று
பச்சைப் பாணைத் தின்றிருக்கிறார்கள்.
“டாய்லட்டும் ஃப்ளஷ் பண்ணேல்லை” என்றான் நிதுஷன்,
பெருமையாக.

அதோடு இன்னொரு செய்தி.
ஆறரைக்கு அது வந்ததாம்.
பூனையளவு, என்றான் அவன்.
அப்பாவின் சப்பாத்தளவு, என்றாள் ஆரணி.
“மரக்கட்டை எண்டு நினைச்சன்,
கட்டை திரும்பிப் பார்த்துது.” இது குகேந்திரன்.
தண்ணீருக்குள் கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு
சொண்டால் தடவித்தான் இரை பிடிக்குமாம்.
ஆரணி ஒரு புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள்.
பிறகு தலை நிமிர்த்தி,
“நீங்களும் நித்திரையில கையால
எதையோ தேடினீங்கள் அம்மா” என்றாள்.

மணியை நிற்பாட்டும் பொத்தான்.
சொல்லவில்லை.

“ஒரு குரல் குடுத்திருக்கலாமே!”
உண்மையாகவே கோபம்.
பாதி வசனத்தில் கொட்டாவி வந்து
வாயை அகலப் பிளந்துவிட்டது.
மூன்று பேரும் சிரித்தார்கள்.
வாய் மூட முடியாமல் நான்.

அடுத்த விடியல் நாலு பேரும் போர்வையோடு
கரையில் குந்தியிருந்தோம்.
நுளம்பு வந்தது.

திரும்பும்போது பாலத்தின் நடுவில்
குகேந்திரன் காரை நிறுத்தினான்,
எஞ்சினையும் அணைத்தான், எனக்காக.
பின்னால் வந்த பால் வண்டியும் ஹோர்ன் அடிக்காமல் நின்றது,
அதன் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி
எட்டிப் பார்த்தார், எதை என்று தெரியாமல்.
கீழே ஒரு வட்டம் விரிந்தது.
“அதுதான்!”
“மீன்.”
வட்டம் கரையைத் தொடும்வரை
இரண்டையும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மேட்டில் ஏற
மடியில் தொலைபேசி உயிர்த்து நடுங்கியது.
ஒன்பது அழைப்புகள்.
எடுத்து,
இடப்பக்கம் சாய்த்து,
நோகாமல்
கவிழ்த்துப் படுக்கவைத்தேன்.