மூன்றாம் படி

சாட்ஸ்வர்த் மண்டபத்தில் நான்தான் விளக்கினேன்:
முதல் ஆறு கிலோலிட்டர் இந்த விலை,
அதற்குமேல் அந்த விலை,
ஏறஏறக் கூடும்.
வீணாக்குபவர் அதிகம் கட்டட்டும், அதுதானே நியாயம்.
சுவரில் வரைபடம், படிக்கட்டுபோல.

பின்வரிசையில் எழுந்தார் கோகிலாம்பாள் மூட்லி.
"வீட்டில் ஒன்பது பேர்,
பின்கொட்டகையில் வாடகைக்கு மூவர்.
மீட்டர் ஒன்றுதான்.
உங்கள் படிக்கட்டில்
தலையை எண்ணுவது யார், தம்பி?"

அதற்கொரு படிவம் இருக்கிறது என்றேன்.
படிவத்தில் ஆறு பெயருக்குத்தான் கட்டம்.

வெளியே,
பதினொரு நாளாக உடைந்து கிடக்கும் எங்கள் குழாய்
சாலைச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது,
எந்தப் படியும் ஏறாமல்.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.
நான் கோப்புகளைத் தூக்கிப் பிடித்தேன்.