நான்கு நடை

சட்டைப்பையில் இரண்டு சீட்டு.
ஒன்று துருவமானுக்கு, ஒன்று கஸ்தூரி எருதுக்கு.
படகு ஒன்றுதான், அதுவும் கில்லாக்கின் மாமனாருடையது.
ஞாயிறு இருட்டுவதற்குள் சிசிமியுட் துறையில் கட்டியாக வேண்டும்.
எங்கள் இருவரையும் பெட்ரோல் கேன்களையும் ஏற்றியபின்
இரண்டிலொன்றுக்குத்தான் இடம்.

ஃபியோர்டின் அடிமுனையில் மோட்டாரை அணைத்தோம்.
அது ஓய்ந்ததும் கொசுக்கள் தொடங்கின.
கரையேறி, காப்பி வைத்து,
வழியெல்லாம் பேசாமல் வந்த பேச்சை எடுத்தோம்.

எருது, என்றான் தம்பி.
"அது ஓடாது அக்கா.
கன்றை நடுவில் தள்ளிவிட்டு வட்டம் கட்டும்,
நெற்றியை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும்.
இந்தப் பக்கம் ஓநாயே கிடையாது.
என் அப்பா காலத்தில் கிழக்கிலிருந்து
குட்டியாய்க் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம்.
ஒரு ஓநாயையும் பார்த்ததில்லை,
இருந்தும் வட்டம் மறக்கவில்லை.
குறி தப்பவே தப்பாது."

குறி தப்பாது, சரி.
அதற்கப்புறம்?
எருது என்றால் நான்கு நடை.
இடுப்பளவு வில்லோப் புதர், கணுக்கால் விழுங்கும் சேறு,
நெற்றிப்பட்டையில் தொங்கும் தொடை.
மான் என்றால் ஒரே நடை, இரண்டு முதுகு.
சுடுவதற்குத்தான் பாடு:
காற்று ஒரு விரல் திரும்பினால்
மேட்டுக்கு அந்தப்பக்கம் வெறும் பாசிதான் இருக்கும்.

மான், என்றேன்.
"முழங்காலா?" என்றான்.
முழங்கால்தான், என்றேன்.
அது பொய்யில்லை. முழுதும் இல்லை.

வீட்டில் அந்தப் பெரிய ஃப்ரீசர்
சாலிக் இருந்தபோது வாங்கியது.
அவன் நூக்குக்குப் போய் இரண்டு பனி ஆகிறது.
போகும்போது ரேடியோவை எடுத்துக்கொண்டான்,
ஃப்ரீசரைத் தூக்க முடியவில்லை.
இவிக் ஆல்போர்க்கில் படிக்கிறான்,
காய்கறி சாப்பிடப் பழகிவிட்டதாக எழுதுகிறான்.
ராத்திரியில் அது அரைகுறையாய் உறுமும்.
மூடியைத் திறந்தால்
அடியில் மூன்று மீன், ஒரு பொட்டலம், நிறைய வெள்ளை.
ஒரு மான் போதும் எனக்கு.
சரியாகச் சொன்னால், பாதி மான்.

காலையில் மூடுபனி.
விலகியபோது அவை அங்கேயே நின்றன,
ஏரிக்கு மேலே, பதினொன்று,
தரைவரை தொங்கும் மயிரோடு,
யாரோ கழற்றிப்போட்ட பழைய கம்பளிகள் போல.
எங்களைப் பார்த்தன.
நெருக்கிக்கொண்டன.
வட்டத்துக்கு வெளியே ஒரு இளங்காளை,
இடம் கிடைக்காமல்,
இவன் விலாவிலும் அவன் விலாவிலும் முட்டிப்பார்த்துவிட்டு
ஓரமாய் நின்றது.

தம்பி என்னைப் பார்த்தான்.
அவனுக்கு நான்கு பிள்ளைகள்.
ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.
மான்மேட்டின் பக்கம் நடக்கத் தயாராய்
பையின் வாரைக்கூட இழுத்துவிட்டான்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முன்கால் ஒன்று தோபியாஸுக்கு, போன மாசி மீன் தந்தான்.
கழுத்து பெட்ரீனா வீட்டுக்கு,
அவளோடு பேச்சு நின்றது எதற்கென்று
எனக்கே மறந்துவிட்டது.
நாக்கு துறைமுக அலுவலகத்துக் கிழவருக்கு.
உள்மயிர், கேட்கிறவளுக்கு.
பாதி மானைக் கதவடைத்துத் தின்றுவிடலாம்.
எருதை அப்படி முடியாது.
அதைக் கொண்டுபோனால்
பத்துக் கதவையாவது தட்டியாக வேண்டும்.

"கில்லாக்," என்றேன், "அந்த ஓரத்தில் நிற்பது."

ஒரே தோட்டா. அது உட்கார்வது போலத்தான் விழுந்தது.
மற்றவை வெகுநேரம் போகவில்லை.
நாங்களும் காத்திருந்தோம், கையைத் தேய்த்துக்கொண்டு.

இப்போது மூன்றாவது நடை.
முழங்கால் தன் கருத்தை உரக்கச் சொல்கிறது.
தம்பி முன்னால் போகிறான், புதருக்குள் முதுகு மட்டும் தெரிகிறது,
எதற்கோ சிரிக்கிறான்.
பட்டை நெற்றியை அறுக்கிறது.
பெட்ரீனாவிடம் முதலில் என்ன சொல்வது
என்று யோசித்துக்கொண்டே
அடுத்த கல்லில் கால் வைக்கிறேன்.